அடுத்த வீட்டு மரம்

தில்லியில் கோடைக்காலத்துப் புழுதிப் புயலை ஆந்தி என்று சொல்வர். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு முதல் ஆந்தி ஒரு வேடிக்கை. பிற்பகலில் வானம் திடீரென்று செம்மண் நிறங் கொள்ளும். சன்னற் கதவுகள் அடித்துக்கொள்ளும். மாடியில் உலர்த்திய துணிகள் எவர் வீட்டிற்கோ போய்ச் சேரும். அரைமணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். வெளியே வந்து பார்த்தால், தெருவில் எங்கேனும் ஒரு மரம் சாய்ந்து கிடக்கும். அது நம்முடைய மரமா, அடுத்த வீட்டு மரமா, மாநகராட்சியின் மரமா என்னும் கேள்வி அப்பொழுதுதான் எழும். நிற்கும்வரையில் அதன் நிழல் எல்லாருக்கும் பொது. விழுந்த பின்னரே அதற்கு உடையவர் ஒருவர் தேவைப்படுகிறார்.

நாம் சட்டம் பயின்றவர் அல்லோம். கலைப் பட்டம் பெற்று, மைய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணியில் அமர்ந்து, ஆங்கிலத்திலுள்ள விதிகளையும் அறிவிக்கைகளையும் தமிழாக்கிக் காலங் கழிப்போம். ஒரு சொல்லுக்குத் தமிழ் காண வேண்டுமானால் அதன் பொருளைத் தேடித்தான் ஆகவேண்டும். அவ்வாறு தேடிவைத்தவற்றுள் சில, நம் வீட்டுச் சுவர் இடிந்தபோது நமக்கே பயன்பட்டன. வேறு சில, காலங் கடந்த பின்னர் நினைவுக்கு வந்தன. மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூருவிலும் அயலாருடன் சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழும் நம்மவர்க்கு அவை உதவக்கூடும் என்பதாலேயே இக்கதையைச் சொல்கிறோம்.

நம் தந்தையார் 1970களில் பணி நிமித்தமாகத் தில்லிக்கு வந்து, கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் வாயிலாகச் சிறு மனை பெற்றுக் கட்டிய வீட்டில் நாம் இன்றும் வாழ்கிறோம். வலப்புறத்து வீடு பஞ்சாபிப் பெரியவர் ஒருவருடையது. எண்பதை நெருங்கியவர், மனைவியை இழந்தவர், மக்கள் இருவரும் வெளிநாட்டில் இருக்கின்றனர். இரு முற்றங்களையும் பிரிக்கும் சுவருக்கு அப்பால், அவருடைய முற்றத்தில், ஒரு குல்மோஹர் மரம் நின்றது. மயிற்கொன்றை என்று நம் ஊரில் சொல்வார்கள். மடகாஸ்கர் தீவிலிருந்து உலகெங்கும் பரவிய மரம் அது. மே மாதத்தில் தீப்பிடித்தாற்போலப் பூக்கும். கிளைகளிற் பாதி நம் முற்றத்தின்மேல் கவிந்திருந்தன, மறுபாதி சந்தின்மேல். அச்சந்தில், நம் வாயிற்கதவை ஒட்டி, அம்மரத்தின் நிழலில் மேசை போட்டுக்கொண்டு, கரிப் பெட்டியால் துணிகளுக்கு இஸ்திரி போடும் தொழிலாளி ஒருவர் இருந்தார். தில்லியில் இவரைப் பிரெஸ்வாலா என்பர். இவர்கள் பெரும்பாலும் மரத்தடியில்தான் தொழில் செய்வர். நெருப்புப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு மே மாதத்து வெயிலில் வேறெங்கே நிற்பது?

2021 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெரியவர் தம் வீட்டின் முன்புறத்தைச் செப்பனிட்டார். கார் ஏறிவரச் சாய்தளம் அமைத்த ஒப்பந்தக்காரர், குறுக்கே கிடந்த வேர்களை ஒரு பக்கம் வெட்டி, அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டுக் கலவையைக் கொட்டி, அதன்மேல் ஓடு பதித்துவிட்டுப் போய்விட்டார். மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் வரையில் சிமெண்டு இருக்கலாகாது, இருப்பதையும் அகற்றுக என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஆம் ஆண்டிலேயே தில்லியின் அமைப்புகளுக்கு ஆணையிட்டிருந்தது. ஆனால் தீர்ப்பாயத்தின் ஆணை கொத்தனாரின் கரண்டிவரை வந்து சேர்வதில்லை. அவ்வாண்டு மழைக்காலம் முடிந்ததும், மாடியில் துணி உலர்த்தப் போன எங்கள் கண்ணில் ஒன்று பட்டது. அடிமரத்தில், நம் சுவரின் பக்கமாக, தட்டுத் தட்டாகக் காளான் புடைத்திருந்தது. செங்கபில நிறம், மேற்புறத்தில் அரக்குப் பூசியது போன்ற பளபளப்பு. கானோடெர்மா என்னும் அப்பூசணம் மரத்தின் அடியையும் வேரையும் உள்ளிருந்தே அழுகச் செய்வது என்பதைப் பின்னர் அறிந்தோம். அறியாதபோதும், அது நல்ல குறியன்று என்பது மட்டும் தெரிந்தது.

பெரியவரிடம் சொல்வதா, வேண்டாமா என்று வீட்டில் பேசினோம். சொல்லவில்லை. நமக்கு முன்பே இத்தெருவுக்கு வந்தவர் அவர். மரத்தைத் தம் கையால் நட்டவர். நட்ட மனைவியாரும் இன்றில்லை என்று அவரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். ‘மதராஸி வீட்டார் என் மரத்தைக் குறை சொல்ல வந்துவிட்டார்கள்’ என்று நினைத்துவிடுவாரோ என்று கூசினோம். தந்தையார் இவ்வூருக்கு வந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகியும், நாம் இங்கேயே பிறந்து வளர்ந்தும், இக்கூச்சம் நம்மை விட்டபாடில்லை. பிற மாநிலத்தில் வாழும் தமிழர் பலருக்கும் இது புரியும்.

2022 மே 30 ஆம் நாள் மாலை ஆந்தி வந்தது. தில்லியின் ஜும்மா மசூதியின் நடுக் குவிமாடத்துக் கலசத்தை முறித்துத் தள்ளிய புயல் அது. நகரெங்கும் நூற்றுக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நம் அடுத்த வீட்டு மரமும் சாய்ந்தது. சுற்றுச்சுவரில் பத்தடி நீளம் இடிந்தது. தகரக் கூரை நசுங்கி, அதன் அடியில் நின்ற ஸ்கூட்டரும் நசுங்கியது. பிரெஸ்வாலா மேசையிலிருந்த துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கிளை அவருடைய வலக்கையின் முன்கை எலும்பை முறித்துவிட்டது. மூட்டையை விட்டுவிட்டு ஓடியிருந்தால் தப்பியிருப்பார். மூட்டையில் இருந்தவை நம் வீட்டுத் துணிகள்.

அன்றிரவு மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது பெரியவர் வாயிலில் நின்றிருந்தார். இடிந்த சுவரைக் காட்டி, ‘பகவானின் சித்தம், பேட்டா. நாம் என்ன செய்ய முடியும்?’ என்றார்.

இவ்விடத்தில் நம் தொழில் குறுக்கிட்டது. பெரியவர் சொன்னதையே ஆங்கிலச் சட்டமும் ‘ஆக்ட் ஆஃப் காட்’ என்று சொல்கிறது. இதனைத் தமிழாக்குவதில் எங்களிடையே பலமுறை வழக்கு நடந்திருக்கிறது. கடவுட் செயல் என்றால், நல்லதும் அவர் செயல்தானே என்பார் ஒருவர். ஊழ் என்று எழுதினால் வள்ளுவரே வந்து நிற்பார். இயற்கைப் பேரிடர் என்பது பேச்சுக்கு நன்றாயிருக்கிறது. ஆயினும் பேரிடர் எல்லாம் இதனுள் அடங்கா. ஏனெனில், சட்டம் கருதுவது காற்றின் வேகத்தை மட்டுமன்று. மனித முயற்சியின் கலப்பே இல்லாமல், இயற்கையின் ஆற்றலால் மட்டுமே நிகழ்ந்ததாக இருக்க வேண்டும்; அதனை எதிர்பார்த்திருக்கவோ, தக்க கவனத்தால் தடுத்திருக்கவோ இயலாததாகவும் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் சித்திரை, வைகாசியில் வரும் ஆந்தியைத் தில்லிவாசி எவரும் எதிர்பாராதது என்று சொல்ல முடியாது. ஜும்மா மசூதியின் கலசத்தை முறித்த காற்றைச் சாதாரணக் காற்று என்று சொல்லவும் நமக்கு நா எழவில்லை. ஆனால் அச்சந்தில் இருந்த மற்ற மரங்கள் அனைத்தும் மறுநாள் காலையில் நின்றுகொண்டுதான் இருந்தன. வேர் வெட்டப்பட்டது ஒன்று, அதுவே விழுந்தது.

மரம் விழுந்தால் உடையவர் பொறுப்பா, அல்லரா என்பதற்கு நம் நாட்டில் ஒரு தனிச் சட்டம் எழுதிவைக்கப்படவில்லை. உடன்படிக்கைக்குச் சட்டம் உண்டு. சொத்து மாற்றத்திற்கு உண்டு. இவ்வகைத் தீங்குகளுக்கு மட்டும் நம் நீதிமன்றங்கள் ஆங்கிலத் தீர்ப்புகளையும் தம் முந்தைய தீர்ப்புகளையும் நோக்கி, நியாயம் எதுவோ அதன்படி முடிவு செய்கின்றன. அவ்வாறு நோக்கப்படுபவற்றுள் ஒன்று, இலண்டனில் 1947 ஆம் ஆண்டு விழுந்த எல்ம் மரம் பற்றியது. நூறாண்டுக்கு மேற்பட்ட மரம்; சாலையிற் சென்ற கார்மேல் சாய்ந்தது. வேர் அழுகியிருந்தது விழுந்த பின்னரே தெரிந்தது. வெளியில் எவ்வித அறிகுறியும் இருக்கவில்லை. 1950 இல் பிரபுக்கள் சபை, உடையவர்கள் பொறுப்பல்லர் என்று தீர்ப்பளித்தது. மரத்தை வைத்திருப்பதே குற்றமன்று; அது விழுந்ததே குற்றமாகாது. அறிந்திருந்தாரா, அல்லது நியாயமாகக் கவனித்திருந்தால் அறிந்திருக்கக் கூடியவரா என்பதே கேள்வி.

இன்னொரு தீர்ப்பு இதனினும் நுட்பமானது. 1961 இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவர் நிலத்திலிருந்த உயர்ந்த மரத்தை மின்னல் தாக்கித் தீப்பிடிக்கச் செய்தது. மின்னலுக்கு அவர் என்ன செய்வார்? மரத்தை வெட்டி வீழ்த்தினார், அதுவரை சரி. ஆனால் நீரூற்றி அணைக்காமல், தானே எரிந்து தணியட்டும் என்று விட்டுவிட்டார். சில நாட்களில் காற்று எழுந்தது. தீ அண்டை நிலங்களுக்குப் பரவியது. 1966 இல் பிரிவி கவுன்சில் அவரைப் பொறுப்பாளியாக்கியது. இயற்கை தந்த ஆபத்தேயானாலும், அதனை அறிந்தபின் தம்மால் இயன்றதைச் செய்யும் கடமை நிலத்துக்குரியவர்க்கு உண்டு என்றது. ‘தம்மால் இயன்றதை’ என்பது இதில் முக்கியம். செல்வரிடம் எதிர்பார்ப்பதைத் தனித்து வாழும் முதியவரிடம் சட்டமும் எதிர்பார்ப்பதில்லை.

‘நெக்லிஜென்ஸ்’ என்னும் சொல்லுக்கு அகராதிகள் அசட்டை, கவனக்குறைவு, புறக்கணிப்பு என்றெல்லாம் பொருள் தருகின்றன. அசட்டை என்றால் அதில் ஒரு மனக்கேடு தொனிக்கிறது. நம் பெரியவர் மனத்தால் ஒரு கேடும் அறியாதவர். சட்டமோ மனத்தைப் பார்ப்பதில்லை. செய்திருக்க வேண்டியது என்ன, செய்தது என்ன என்ற இடைவெளியை மட்டும் அளக்கிறது. ஆதலால் நாம் கவனக்குறைவு என்றே எழுதிவருகிறோம். நஷ்டஈட்டை இழப்பீடு ஆக்கியது போல் இது அவ்வளவு எளிதில் நிலைபெறவில்லை.

மறுநாள் பெரியவரிடம் வேர் வெட்டியதையும் காளான் புடைத்திருந்ததையும் சொன்னோம். குரலை உயர்த்தவில்லை, ஆயினும் ஆங்கிலத் தீர்ப்பு இரண்டும் மனத்தில் இருந்தபடியால் சற்றே உறுதியாகவே சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, ‘என் கண்ணுக்குப் பத்தடிக்கு மேல் தெரிவதில்லை. நீ பார்த்தாயா? எப்போது பார்த்தாய்?’ என்று கேட்டார். ‘சென்ற ஆண்டு மழைக்காலத்திற்குப் பிறகு’ என்றோம். ‘எட்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தாயா, பேட்டா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே’ என்றார்.

நேயர்களே, நம் வழக்கு அங்கேயே பாதி சரிந்துவிட்டது. அவர் அறிந்திருக்க வேண்டும் என்று வாதிட வந்த நாம், அறிந்தும் வாளாவிருந்தவர்களாக நின்றோம். அறிந்தவர் பொறுப்பாளி என்பது நியாயமானால், அறிவிக்கக் கூடியவராயிருந்தும் அறிவிக்காதவரைப் பற்றி நீதிமன்றம் என்ன நினைக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று. அண்டை வீட்டு மரத்தில் பழுது கண்டால் இரண்டு வரி எழுதித் தந்து, தேதியிட்டு, பெற்றதற்கு ஒரு கையொப்பம் வாங்கிவைத்துக்கொள்வது பகைமையின் அடையாளமன்று. அவர் கண்ணுக்கு எட்டாததை எட்டச் செய்வது அது. பின்னர் மரம் விழுந்தால், ‘எனக்குத் தெரியாது’ என்ற விடை அவருக்கு இல்லை. இரண்டு பயனும் ஒரு தாளிலேயே கிடைக்கின்றன. கையொப்பம் கேட்கக் கூச்சமாயிருந்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம். கைப்பேசியில் படத்துடன் செய்தியாகவும் அனுப்பலாம்.

‘நம் பக்கம் நீண்ட கிளைகளை நாமே வெட்டியிருக்கலாமே’ என்று உறவினர் ஒருவர் கேட்டார். பழைய சட்டம் அதற்கு இடந் தந்தது. 1894 இல் பிரபுக்கள் சபை, தன் நிலத்தின்மேல் நீளும் கிளைகளை, அயலார் நிலத்தில் கால் வைக்காமல், முன்னறிவிப்பின்றியே ஒருவர் வெட்டலாம் என்றது. கிளை எத்தனை ஆண்டு நீண்டிருந்தாலும் அதற்கு உரிமை பிறந்துவிடாது. வெட்டிய கிளையும் அதிலிருக்கும் பழமும் மட்டும் மரத்துக்குரியவருடையவை. சுவர் தாண்டிய நாவற்கிளையின் பழங்களைப் பிள்ளைகள் தின்றதற்காக எவரும் வழக்காடியதாக நாம் கேள்விப்படவில்லை. சட்டம் சட்டமாகவே இருக்கட்டும்.

ஆனால் இன்று வெட்டரிவாளை எடுக்குமுன் மாநிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். தில்லியில் 1994 ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன்படி மர அலுவலரின் அனுமதியின்றி மரத்தை வெட்டினால் ஓராண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மரம் தம் மனையில் இருந்தாலும் இதுவே விதி. சிறு கிளைகளை அனுமதியின்றிக் கழிக்கலாம் என்று இடந் தந்திருந்த வழிகாட்டு நெறியையும் தில்லி உயர்நீதிமன்றம் 2023 மே மாதத்தில் நீக்கிவிட்டது. ஆகவே கேட்டுச் செய்வதே நலம். உயிருக்கோ உடைமைக்கோ போக்குவரத்துக்கோ உடனடி ஆபத்து என்றால், நிலத்துக்குரியவர் தாமே மரத்தை அகற்றிவிட்டு இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மர அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அச்சட்டமே வழி வைத்திருக்கிறது. மராட்டியத்தின் நகரங்களுக்கு 1975 ஆம் ஆண்டின் சட்டமும், கருநாடகத்துக்கு 1976 ஆம் ஆண்டின் சட்டமும், மேற்கு வங்காளத்துக்கு 2006 ஆம் ஆண்டின் சட்டமும் உண்டு. விவரங்கள் வேறுபடும், அனுமதி வேண்டும் என்பதில் வேறுபாடில்லை.

அண்டை வீட்டார் கடிதத்தைப் பொருட்படுத்தவில்லை என்றால் என் செய்வது? நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக நிற்க வேண்டியதில்லை. மரம் விழுந்து அக்கம்பக்கத்தார்க்கோ வழிப்போக்கர்க்கோ ஊறு நேரும் நிலையிலிருந்தால், அதனை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ ஆணையிடும் அதிகாரம் மாவட்ட நடுவர்க்கும் துணைக்கோட்ட நடுவர்க்கும் உண்டு. குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 133 ஆம் பிரிவாக நெடுங்காலம் இருந்த இது, 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 152 ஆம் பிரிவாக இருக்கிறது. மரம் என்னும் சொல்லே அப்பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது. மனு எழுதுவோர் எண்ணை மாற்றி எழுத மறக்கலாகாது.

சாலையோர மரங்களின் கதை வேறு. வருத்தந் தருவதும் அதுவே. 1975 மார்ச்சில் இராஜ்கோட் நகரில், அலுவலகத்துக்கு நடந்து சென்ற ஓர் ஊழியர்மேல் சாலையோர மரம் சாய்ந்தது, அவர் இறந்தார். கீழ் நீதிமன்றம் குடும்பத்துக்கு 45,000 ரூபாய் இழப்பீடு தருமாறு மாநகராட்சிக்கு உத்தரவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று 1997 இல் முடிந்தது. ஒவ்வொரு மரத்தையும் இடைவிடாது சோதித்துவரும் வசதி நம் நகராட்சிகளுக்கு இல்லை. மரம் கெட்டிருந்தது என்பதும் அறியப்படவில்லை. எனவே மாநகராட்சி பொறுப்பன்று என்பது தீர்ப்பு. இதனைப் படித்தபோது நமக்கு மனம் ஒப்பவில்லை. சோதிக்க வசதியில்லாதவர் நடக்கும் பாதையில் மரம் வைத்துக்கொண்டிருக்கலாமா என்று கேட்கத் தோன்றியது. ஆயினும் தீர்ப்பின் உட்பொருளைக் கவனித்தால், அங்கும் அறிந்திருந்தார்களா என்ற கேள்வியே நிற்கிறது. நம்மவர் மிகுதியாக வாழும் மும்பைச் செம்பூரில் 2017 ஆம் ஆண்டு, காலையில் உலாவச் சென்ற பெண்மணி ஒருவர்மேல் தென்னை சாய்ந்து உயிர் போயிற்று. அம்மரத்தைப் பற்றி முன்னரே முறையிட்டிருந்ததாகச் செய்திகள் வந்தன. எழுதிய முறையீடும் அதன் எண்ணும் கையிலிருந்தால் வழக்கின் தன்மையே மாறும்.

காலக்கெடுவையும் சொல்லிவிடுகிறோம். தனியார்மீது இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவாக மூன்றாண்டு. உயிர் போயிருந்தால், 1855 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மனைவி, மக்கள், பெற்றோர் தொடுக்கும் வழக்குக்கு இரண்டாண்டு. தில்லி மாநகராட்சிமீது என்றால் இரண்டு மாத முன்னறிவிப்புத் தரவேண்டும். ஆறு மாதத்துக்குள் வழக்கும் தொடுக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவர்க்கு ஆறு மாதம் ஒரு பொழுது போல் போய்விடும். அதற்குள், சாலை மாநகராட்சியினுடையதா, பொதுப்பணித் துறையினுடையதா என்று கண்டுபிடிப்பதற்கே பாதி நாள் கழியும்.

காப்பீடு பற்றி இரண்டு சொற்கள். 2021 ஏப்ரலிலிருந்து வழங்கப்படும் பாரத் கிருஹ ரக்ஷா என்னும் வீட்டுக் காப்பீட்டில் புயலும், மரம் விழுவதும் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டுள்ளன. யார் குற்றம் என்று ஆராயாமல் தொகை கிடைக்கும் வழி அது. எங்களிடம் அது இல்லை. ஸ்கூட்டருக்கு முழுக் காப்பீடு இருந்தபடியால் அதற்குப் பணம் வந்தது. மூன்றாந் தரப்புக் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் அதுவும் வந்திராது.

சுவரின் செலவைப் பெரியவரும் நாங்களும் பாதிப் பாதியாக ஏற்றோம். எவர் கணக்குப்படி அது சரி என்று கேட்டால் விடை இல்லை. எங்கள் மௌனத்திற்குப் பாதி, அவருடைய ஒப்பந்தக்காரருக்குப் பாதி என்று வைத்துக்கொண்டோம்.

பிரெஸ்வாலாவின் கை அவ்வாறு முடியவில்லை. சட்டப்படி பார்த்தால் எங்கள் மூவரிலும் வலுவான வழக்கு அவருடையதே. அவருக்கு மாடியில்லை, காளானைக் கண்டவரல்லர், வேரை வெட்டியவருமல்லர். மரத்துக்குரியவரின் கவனக்குறைவால் உடலுக்கு நேர்ந்த ஊறு, மருத்துவச் செலவு, இழந்த கூலி, இனி இழக்கப்போகும் கூலி ஆகிய அனைத்தையும் கேட்கலாம். இதனை நாமே அவருக்கு எடுத்துச் சொன்னோம். இலவச சட்ட உதவி ஆணைக்குழு உண்டு என்றும் சொன்னோம். ‘கோர்ட்டுக்குப் போனால் இச்சந்தில் மேசை போட முடியுமா, சாஹிப்?’ என்று கேட்டார். மரத்தடியில் அவர் நிற்பது எவர் அனுமதியுமின்றி, எல்லார் தயவிலும். தயவில் நிற்பவர் உரிமையைப் பற்றி எப்படிப் பேசுவார்? எங்கள் கூச்சமும் அவருடைய அச்சமும் ஒன்றல்ல. நாங்கள் பேசியிருக்கலாம்.

சிகிச்சைச் செலவைப் பெரியவர் ஏற்றார். ஆறு வாரக் கூலியை இரு வீட்டாரும் கொடுத்தோம். எலும்பு கூடியது, ஆனால் மணிக்கட்டு முழுதும் திரும்பவில்லை. கரிப் பெட்டியின் கனத்தை அக்கை தாங்குவதில்லை. இப்போது பெட்டியைப் பிடிப்பவர் அவருடைய மகன். படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்ட பையன். தந்தை துணிகளை மடித்து அடுக்குகிறார். மேசைக்கு மேலே, நிழலில்லாத இடத்தில், நீலநிறத் தார்ப்பாய் ஒன்று கட்டியிருக்கிறது.

எங்கள் வீட்டின் பின்புறத்தில் ஒரு முருங்கை உண்டு. தந்தையார் ஊரிலிருந்து இரயிலில் கொண்டுவந்த போத்து தழைத்த மரம். முருங்கை பருத்தால் தூணாகாது என்பதை அறியாதவர் தமிழருள் எவருமிலர். ஆனால் தில்லிச் சட்டத்தின் வரையறைப்படி, தரையிலிருந்து முப்பது செண்டிமீட்டர் உயரத்தில் அடி ஐந்து செண்டிமீட்டர் விட்டமும், மொத்தம் ஒரு மீட்டர் உயரமும் இருந்தால் அது மரமே. சென்ற மழைக்காலத்தில் ஒரு காலைப்பொழுது பெரியவர் கோலூன்றி வந்து, ஒரு தாளை நீட்டினார். நடுங்கும் கையால் இந்தியில் எழுதியிருந்தார்: உங்கள் முருங்கையின் பெரிய கிளை என் தண்ணீர்த் தொட்டியின்மேல் சாய்ந்திருக்கிறது, அடியில் வெடிப்பு இருப்பதாகத் தொட்டி கழுவ வந்தவர் சொன்னார், கவனிக்கவும். கீழே தேதியும் கையொப்பமும் இருந்தன. இரண்டாம் படி ஒன்றும் வைத்திருந்தார். அதில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று எழிதிக் கொடுத்தோம். வாங்கி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மர அலுவலருக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. அனுமதி வரும்வரையில் கிளைக்கு மூங்கில் முட்டுக் கொடுத்திருக்கிறோம். பிரெஸ்வாலாவின் மகன்தான் வந்து கயிறு கட்டினான்.